செவி நரம்புக் கட்டிக்கு ரேடியோசர்ஜரி: ஆடியோகிராம் முதல் பத்தாம் வருட ஸ்கேன் வரை

ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. போனை அந்தக் காதில் வைத்தால் சத்தம் வருகிறது, வார்த்தை பிடிபடுவதில்லை. கூடவே ஓயாத இரைச்சல். இருட்டில் நடந்தால் லேசான தள்ளாட்டம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் ரிப்போர்ட்டில் 'வெஸ்டிபுலார் ஷ்வானோமா' என்றோ 'அகூஸ்டிக் நியூரோமா' என்றோ எழுதியிருக்கும். இரண்டும் ஒரே கட்டிதான். புற்றுநோய் அல்ல, உடலின் வேறு இடங்களுக்குப் பரவாது.

இந்தக் கட்டிக்கு மூன்று வழிகள் உண்டு: ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருப்பது, மண்டையைத் திறந்து எடுப்பது, ரேடியோசர்ஜரி. மூன்றாவதில் கத்தி கிடையாது, தையல் கிடையாது. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்க்கற்றைகள் கட்டியில் மட்டும் ஒன்றுசேரும்படி குறிவைத்து, பெரும்பாலும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஆனால் இதற்குச் சம்மதிக்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரேடியோசர்ஜரி கட்டியை எடுப்பதில்லை, போன காதையும் திருப்பித் தருவதில்லை. கட்டி மேலும் வளராமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. பத்து வருடம் கழித்தும் ஸ்கேனில் கட்டி தெரியும். சுருங்கியோ அதே அளவிலோ இருந்தால் சிகிச்சை வெற்றி. இதைச் சொல்லாமல் சிகிச்சை கொடுத்துவிட்டால், அடுத்த ஸ்கேனில் 'கட்டி உள்ளது' என்ற வரியைப் பார்த்துக் குடும்பமே கலங்கிப்போகும்.

கட்டி உட்கார்ந்திருக்கும் இடம்

கேட்பதற்கும் சமநிலைக்கும் ஆன கிளைகளோடு உள்காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் எட்டாவது நரம்பு, காது எலும்புக்குள் சுமார் 1 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாய் வழியாகச் செல்கிறது. அதே குழாயில் முன்பக்கம் மேலே முக நரம்பு, முன்பக்கம் கீழே கேட்கும் நரம்பு, பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சமநிலை நரம்புகள். கட்டி கிளம்புவது பெரும்பாலும் சமநிலை நரம்பின் உறையான ஷ்வான் செல்களிலிருந்து. 22ஆவது குரோமோசோமில் உள்ள என்எஃப்2 என்ற மரபணு அந்தச் செல்களில் பழுதாகி, அது தயாரிக்கும் மெர்லின் என்ற புரதம் இல்லாமல் போவதுதான் அடிப்படைக் காரணம். செல்போனாலோ காதில் எண்ணெய் விட்டதாலோ வந்ததா என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இடம் குறுகல் என்பதால் சின்னக் கட்டிகூடக் கேட்கும் நரம்பையும் அதன் ரத்தக் குழாயையும் நெருக்கும். குழாயை விட்டு வெளியே வளர்ந்தால் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையிலான மூலையை நிரப்பும். இன்னும் பெரிதானால் ஐந்தாவது நரம்பை அழுத்திக் கன்னத்தில் மரத்த உணர்வு, பிறகு மூளைநீர் ஓட்டம் தடைபட்டுத் தலைவலி, வாந்தி. வளரும் கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு 1 முதல் 2 மி.மீ. வளர்கின்றன. பல வருடங்கள் அசையாமலே இருக்கும் கட்டிகளும் ஏராளம்.

முதல் படி: கையில் என்னென்ன இருக்க வேண்டும்

காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்த எம்ஆர்ஐ. காது எலும்புப் பகுதியை 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக எடுத்திருக்க வேண்டும். தலைவலிக்கு என்று எடுக்கும் சாதாரண மூளை எம்ஆர்ஐயில் 5 மி.மீ. துண்டுகள்தான் இருக்கும்; 4 மி.மீ. கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஃபிலிம் போதாது. மருத்துவப் படங்களுக்கான டிஜிட்டல் கோப்பான டைகாம் வடிவில் சிடியோ பென்டிரைவோ கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், கட்டியின் கன அளவை அதிலிருந்து கணக்கிட முடியாது.

அடுத்தது ஆடியோகிராம். எத்தனை டெசிபலில் சத்தம் கேட்கிறது என்பது ஒரு பாதி. சொன்ன சொற்களில் நூற்றுக்கு எத்தனையைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறீர்கள் என்பது மறுபாதி. பலருடைய ரிப்போர்ட்டில் இந்த இரண்டாவது எண்ணே இருப்பதில்லை. இந்தக் கட்டியில் முதலில் கெடுவது பெரும்பாலும் அதுதான் என்பதால், கேட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். சொற்பட்டியல் உங்கள் தாய்மொழியில் இருக்கட்டும். அடுத்த முறையும் அதே மொழியில் எடுக்கட்டும். தமிழ் மட்டும் பேசுபவருக்கு ஆங்கிலச் சொற்களைச் சொல்லிவிட்டு 40 சதவீதம் என்று எழுதினால் அது காதின் கணக்கல்ல.

சத்தம் 50 டெசிபலுக்குள், சொல் தெளிவு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது 'பயன்படும் காது'. கார்ட்னர்-ராபர்ட்சன் வகைப்பாட்டில் முதல் இரண்டு படிகள். காதைக் காப்பாற்றுவதைப் பற்றிய பேச்சு எல்லாம் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான்.

முக அசைவை ஹவுஸ்-பிராக்மன் அளவில் 1 முதல் 6 வரை குறித்து வைப்பார்கள். 1 என்றால் இயல்பு, 6 என்றால் முற்றிலும் அசைவில்லை. சிகிச்சைக்கு முன் சிரித்தும் கண்ணை இறுக்க மூடியும் செல்போனில் ஒரு சிறு வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. பின்னால் 'வாய் கொஞ்சம் கோணுகிறதோ' என்ற சந்தேகம் வந்தால் ஒப்பிட அதுதான் உதவும். சிறுநீரகப் பரிசோதனையான கிரியாட்டினினும் வேண்டும், காண்ட்ராஸ்ட் மருந்துக்காக.

இரண்டாம் படி: உங்களுக்கு இது பொருந்துமா

கூஸ் என்ற அளவுகோல் நான்கு படிகள் கொண்டது. முதல் படியில் கட்டி எலும்புக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. இரண்டில் வெளியே எட்டிப் பார்க்கிறது, மூளைத்தண்டைத் தொடவில்லை. மூன்றில் தொடுகிறது. நான்கில் மூளைத்தண்டைத் தள்ளுகிறது. முதல் மூன்றும் ரேடியோசர்ஜரிக்கு ஏற்றவை. எண்ணில் சொன்னால் குழாய்க்கு வெளியே இருக்கும் பகுதி 2.5 செ.மீ.க்குள் இருப்பது வசதி, 3 செ.மீ. எல்லை. அதைத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். முழுவதையும் எடுக்கிறேன் என்று முக நரம்பைப் பலிகொடுக்காமல், நரம்போடு ஒட்டிய சிறு பகுதியை விட்டுவிட்டு, அந்த மிச்சத்துக்குப் பிறகு ரேடியோசர்ஜரி கொடுக்கும் முறையும் இன்று வழக்கத்தில் உள்ளது.

சிறிய கட்டியாக இருந்தாலும் சில நிலைமைகளில் நிதானிக்க வேண்டும். மூளைநீர் தேங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பெரிய நீர்ப்பையுள்ள கட்டிகள் கதிருக்குப் பிறகு சட்டென்று வீங்கக்கூடும். படுக்கையை விட்டு எழ முடியாத அளவு தலைச்சுற்றல் உள்ளவர்களுக்குக் கதிர் அதை உடனே நிறுத்தாது. கர்ப்பிணிகளுக்கு அவசரம் இல்லாவிட்டால் பிரசவம் வரை தள்ளிவைப்பார்கள்.

இன்னொரு விஷயம். இங்கே சதைப் பரிசோதனை செய்யாமல், ஸ்கேன் படத்தை நம்பித்தான் சிகிச்சை. அதே மூலையில் மூளையுறையிலிருந்து கிளம்பும் மெனின்ஜியோமா என்ற கட்டி வரலாம், முக நரம்பின் சொந்தக் கட்டியும் வரலாம். எலும்புக் குழாயின் வாய் அகன்றிருக்கிறதா, கட்டியின் அடி மூளையுறையோடு வால் போல நீள்கிறதா என்று பார்த்து அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர் பிரித்துச் சொல்வார். ரிப்போர்ட்டில் 'ஆக இருக்கலாம்' என்று இழுத்திருந்தால் இரண்டாவது கருத்து வாங்குங்கள்.

சிறிய கட்டி, தொந்தரவு குறைவு. உடனே சிகிச்சையா, காத்திருப்பதா? இதற்கு நல்ல ஆதாரம் நார்வேயிலிருந்து வந்தது. பெர்கன் நகரின் ஹாக்லண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த வி-ரெக்ஸ் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. குழாய்க்கு வெளியே 2 செ.மீ.க்குட்பட்ட, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட கட்டியுள்ள 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு உடனே ரேடியோசர்ஜரி. மற்ற அணிக்கு ஸ்கேன் மட்டும், வளர்ந்தால் சிகிச்சை. நான்கு வருட முடிவில் உடனே சிகிச்சை பெற்றவர்களின் கட்டி சராசரியாகத் தொடக்க அளவின் 0.87 மடங்கு, காத்திருந்தவர்களுக்கு 1.51 மடங்கு. ஆனால் கேட்கும் திறன், தலைச்சுற்றல், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்த 50 பேரில் 21 பேருக்கு வளர்ச்சி காரணமாகப் பின்னர் ரேடியோசர்ஜரி கொடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் கருத்து: கட்டி சிறியது, வருடம் தவறாமல் ஸ்கேனுக்கு வருவீர்கள் என்றால் காத்திருப்பது தவறே இல்லை. வெளியூர் வேலை, செலவு, அலைச்சல் என்று இரண்டாம் வருடமே ஸ்கேனை விட்டுவிடக்கூடியவர் என்றால் காத்திருப்பது ஆபத்தான தேர்வு. ஆறு மாத இடைவெளி ஸ்கேன்களில் கட்டி தெளிவாக வளர்ந்திருந்தால் இனியும் தள்ளிப்போடக் காரணம் இல்லை.

மூன்றாம் படி: எந்த மெஷின்

ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951இல் ரேடியோசர்ஜரி என்ற கருத்தை முன்வைத்தார். இதற்கென்றே உருவான முதல் மெஷினான காமா நைஃப் 1968இல் ஸ்டாக்ஹோமில் இயங்கத் தொடங்கியது. அடுத்த வருடமே செவி நரம்புக் கட்டிக்குப் பயன்படுத்தினார்கள். இந்தியாவுக்கு அது வந்தது 1997இல். டெல்லி எய்ம்ஸில் அந்த வருடம் தொடங்கியது. சென்னையில் அப்போலோவில் இன்னொரு வகை மெஷினான சைபர்நைஃப் 2009இல் வந்தது.

பழைய காமா நைஃபில் 201 கோபால்ட்-60 மூலங்கள், புதியதில் 192. 192ம் எட்டுப் பிரிவுகளாக, பிரிவுக்கு 24 வீதம் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் 4, 8, 16 மி.மீ. அளவுக் கற்றைகளைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது பிரிவையே மூடிவிடலாம். கோபால்ட்டின் அரை ஆயுள் 5.27 வருடம். அதனால்தான் ஒருவருக்கு 40 நிமிடத்தில் முடிந்த அதே திட்டம், ஐந்து வருடம் பழகிய மூலத்தில் ஏறக்குறைய 80 நிமிடம் ஆகிறது. டோஸ் ஒன்றுதான், நேரம் மட்டுமே கூடுகிறது.

சைபர்நைஃபும் லினாக் எனப்படும் பிற கதிர் மெஷின்களும் கோபால்ட் இல்லாமல் மின்சாரத்தால் எக்ஸ்-கதிரை உண்டாக்குகின்றன. மண்டையில் ஃப்ரேம் மாட்டாமல் முகமூடி போட்டு, ஒரே நாளிலோ 3 அல்லது 5 நாட்களாகப் பிரித்தோ கொடுக்கலாம். கதிரை அளக்கும் அலகு கிரே. பழக்கத்தில் உள்ள அளவுகள் 3 நாளில் 18 கிரே, 5 நாளில் 25 கிரே. ஒரே நாளில் முடித்தால் வழக்கமாக 12.5 கிரே, ஐந்து நாளில் 25 என்றதும் 'இரட்டிப்பு டோஸ்' என்று பயப்பட வேண்டாம். பிரித்துக் கொடுக்கும்போது நடுவில் செல்கள் ஓரளவு சரிசெய்துகொள்வதால் இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

எந்த மெஷின் உயர்ந்தது என்ற சண்டையில் நேரம் செலவழிக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: வருடத்துக்கு எத்தனை செவி நரம்புக் கட்டிகளுக்குச் சிகிச்சை தருகிறீர்கள்? விளிம்பு டோஸ், அதாவது கட்டியின் ஓரத்தில் விழும் கதிர் அளவு, எவ்வளவு? என் காதுக்குப் போகும் டோஸ் எவ்வளவு? வீங்கினால் யார் பார்ப்பார்கள்? பேக்கேஜில் சிகிச்சை நாள் ஸ்கேன் அடங்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்தான் கவுன்டரில் நின்று வாக்குவாதம் செய்ய நேர்கிறது.

நான்காம் படி: முந்தைய வாரம்

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஃப்ரேம் திருகுகள் தோலைத் துளைப்பதால் ரத்தம் கசியும். ஆனால் இதய மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நீங்களே நிறுத்தினால் அது இதைவிடப் பெரிய ஆபத்து. சர்க்கரை உள்ளவர்களுக்கு அன்று ஸ்டீராய்டு ஊசி கொடுத்தால் இரண்டு மூன்று நாள் சர்க்கரை ஏறும். குளுக்கோமீட்டர் கையில் இருக்கட்டும். பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட், பழைய அறுவையின் கிளிப் எதுவானாலும் அட்டையோடு காட்டுங்கள். குறுகிய இடத்தில் பயம் உண்டா? வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதற்கு மாத்திரை இருக்கிறது.

முதல் நாள் இரவும் அன்று காலையும் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிக்க வேண்டும். எண்ணெய் வைக்கக் கூடாது. மொட்டை தேவையில்லை, முடியை வெட்டவும் வேண்டாம். தோடு, மூக்குத்தி, சங்கிலி, மெட்டி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வருடக்கணக்கில் கழற்றாத திருகு மூக்குத்தி சிகிச்சை நாள் காலையில் கழலாது. முதல் நாளே தெரிந்த நகைக்கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். எம்ஆர்ஐ அறை வாசலில் இதற்காக ஒரு மணி நேரம் போனால், பின்னால் வரும் எல்லாமே தள்ளிப்போகும்.

ஐந்தாம் படி: ஃப்ரேம், ஸ்கேன்

நோயாளிகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உட்கார வைத்து, நெற்றியில் இரண்டு, பின்தலையில் இரண்டு என நான்கு இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி எரியும், நன்றாகவே எரியும். ஒரு நிமிடத்தில் அடங்கும். பிறகு லேசான உலோக ஃப்ரேமை வைத்து நான்கு திருகுகளையும் எதிரெதிராகச் சேர்த்து முறுக்குவார்கள். வலி இருக்காது, தலையை இடுக்கியில் பிடித்தது போல ஓர் இறுக்கம் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து மறையும். எங்காவது ஓர் இடத்தில் கூர்மையாக வலித்தால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஃப்ரேமை நடுவில் மாட்டாமல் கட்டி உள்ள பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, சற்றுக் கீழிறக்கி மாட்டுவார்கள். கட்டி ஃப்ரேமின் மையத்துக்கு அருகில் வர வேண்டும் என்பதற்காக. கோணலாகத் தெரிந்தால் தவறாக மாட்டிவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம்.

ஃப்ரேமோடு எம்ஆர்ஐ. காண்ட்ராஸ்ட் படம் கட்டியின் எல்லையைக் காட்டும். நீரை வெள்ளையாகக் காட்டும் இன்னொரு மெல்லிய படம் நரம்புகளையும் காதுநத்தையான கோக்ளியாவையும் காட்டும். பல மையங்களில் சிடியும் எடுப்பார்கள். காரணம் உண்டு: எம்ஆர்ஐயின் காந்தப்புலம் ஃப்ரேம் உலோகத்தாலும் காது எலும்பிலுள்ள காற்றறைகளாலும் சற்றே வளையும். படம் 1 மி.மீ. நகர்ந்தால் மூளையின் வேறு இடத்தில் பெரிதாகத் தெரியாது, 4 மி.மீ. குழாய்க்குள் அது கால்பங்கு. சிடி வளையாது, எலும்பைத் துல்லியமாகக் காட்டும். இரண்டையும் பொருத்திச் சரிபார்ப்பதுதான் பாதுகாப்பு.

முகமூடி முறையில் ஃப்ரேம் இல்லை. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுப்பார்கள். சில மெஷின்களில், சிகிச்சையின்போது மூக்கு நுனியில் ஒட்டிய சின்ன வில்லையைக் கேமரா கண்காணிக்கும். குறித்த அளவுக்கு மேல் நகர்ந்தால் கதிர் தானாக நின்றுவிடும். அடிக்கடி இருமுபவர்களுக்கும் ஒரே நிலையில் படுக்க முடியாதவர்களுக்கும் ஃப்ரேமே மேல்.

ஆறாம் படி: திட்டம் போடுவது

நீங்கள் காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் சிகிச்சையின் தரம் தீர்மானமாகிறது. நரம்பியல் அறுவை மருத்துவர், கதிரியக்க சிகிச்சை மருத்துவர், மருத்துவ இயற்பியலாளர் மூவரும் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கட்டி, கோக்ளியா, மூளைத்தண்டு ஆகியவற்றைக் கோடு போட்டு வரைகிறார்கள். பிறகு கட்டிக்குள் 4, 8 மி.மீ. கதிர் உருண்டைகளான 'ஷாட்'களை அடுக்குகிறார்கள், குழாய்க்குள் சிறியவை, வெளியே பெரியவை.

விளிம்பு டோஸ் இன்று 12 முதல் 13 கிரே. தொடக்க காலத்தில் 18, 20 கிரேவும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். கட்டி அடங்கியது, முகமும் கோணியது. 1990களில் படிப்படியாகக் குறைத்து 12, 13க்கு வந்த பிறகும் கட்டி அடங்குவது பெரிதாகக் குறையவில்லை; முக நரம்புப் பாதிப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்கு இறங்கியது.

காமா நைஃபில் இதை '50 சதவீதக் கோட்டில் 12.5 கிரே' என்று எழுதுவார்கள். கட்டியின் விளிம்பில் 12.5 என்றால் உள்ளே உச்சம் 25 கிரே என்று பொருள். விளிம்பைத் தாண்டியதும் டோஸ் செங்குத்தாக விழுகிறது. அந்தச் சரிவுதான் பக்கத்திலுள்ள மூளைத்தண்டைக் காப்பது. மூளைத்தண்டின் எல்லையில் சுமார் 12 கிரேயில் நிறுத்தப் பார்ப்பார்கள். கோக்ளியாவின் சராசரி டோஸ் 4 கிரேவுக்குக் கீழே இருந்தால் கேட்கும் திறன் தங்கும் வாய்ப்பு கூடுகிறது.

இழுபறி இங்கேதான் வருகிறது. கட்டி குழாயின் கடைக்கோடி வரை போயிருந்தால், அங்கிருந்து கோக்ளியா சில மி.மீ. தூரம்தான். காதைக் காப்பதற்காக அந்த நுனியை டோஸுக்கு வெளியே விட்டால் பின்னால் கட்டி அங்கிருந்தே வளரும். நுனியை முழுக்க டோஸுக்குள் கொண்டுவந்தால் கோக்ளியா அதிகக் கதிர் வாங்கும். 4 மி.மீ. ஷாட்களைப் பயன்படுத்தி, கோக்ளியா பக்கம் பார்க்கும் பிரிவுகளை மூடி, இரண்டையும் சமாளிப்பதுதான் கைத்திறன். முடியாமல் போனால் எதை விட்டுக்கொடுப்பது? காது ஏற்கெனவே பயனற்றுப்போயிருந்தால் கேள்வியே இல்லை, கட்டியை முழுக்க மூட வேண்டும். காது நன்றாக இருந்தால் உங்களிடமும் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

திட்டம் முடிந்ததும் இன்னொரு இயற்பியலாளர் தனியாகச் சரிபார்ப்பார். பெயர், பக்கம், டோஸ், ஆயத்தொலைவுகள். இடமா வலமா என்று உங்களிடமே மறுபடி மறுபடி கேட்பார்கள். எரிச்சல் வேண்டாம், ஒவ்வொரு முறையும் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

ஏழாம் படி: கதிர் கொடுப்பது

சொல்ல அதிகம் இல்லை. படுக்கையில் ஃப்ரேமைப் பூட்டுவார்கள், கதவு மூடும், படுக்கை மெதுவாக உள்ளே போகும். வலி, சூடு, சத்தம் எதுவும் இல்லை. கேமராவும் மைக்கும் இருக்கும், பேசினால் கேட்கும். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். பலர் தூங்கிவிடுகிறார்கள்.

ஃப்ரேமைக் கழற்றும்போது, மாட்டியதைவிட வலிக்கும். இறுக்கம் விடுபட்டதும் ரத்தம் திரும்பிப் பாய்வதுதான் காரணம். தலை கிண்ணென்று வலித்து அரை மணியில் குறையும். திருகு இருந்த இடத்தில் ரத்தம் கசிந்தால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்குப் போகலாம். அன்று வண்டி ஓட்டக் கூடாது.

வீட்டில் முதல் மாதம்

உங்கள் உடலில் கதிர்வீச்சு எதுவும் தங்காது. குழந்தையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். முடி கொட்டாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ நெற்றி வீக்கம் இறங்கி கண் இமை பொதபொதவென்று ஆகலாம். போட்ட மரப்பு மருந்தின் நீர்தான் அது, இரண்டு நாளில் வடியும். பின்தலையில் கை வைத்தால் மரத்த உணர்வு சில வாரம், சிலருக்குச் சில மாதம் இருக்கும். திருகு இடங்களைச் சுத்தமாக வைத்துக் களிம்பு தடவினால் போதும். மஞ்சள் பற்று, சாம்பல் எதுவும் வேண்டாம்.

காய்ச்சல், சீழ், நிற்காத வாந்தி, வலிப்பு, முகம் கோணுதல், திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். திடீர்க் காது இழப்புக்கு ஸ்டீராய்டு எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

எட்டாம் படி: வீக்கக் காலம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

கதிர் பட்ட கட்டி உடனே சுருங்குவதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்தில் அதன் நடுப்பகுதி காண்ட்ராஸ்ட் ஏற்காமல் கறுத்துத் தெரியும். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை கட்டி வீங்கலாம். சிலருக்கு மூன்று வருடம்கூட நீடிக்கும். இதைப் பொய் வளர்ச்சி என்பார்கள். அந்த நேரத்தில் எடுத்த ஸ்கேனை, விஷயம் தெரியாத இடத்தில் காட்டினால் 'சிகிச்சை தோல்வி, உடனே ஆபரேஷன்' என்று சொல்லிவிடுவார்கள். தேவையில்லாத அறுவைகள் நடப்பது இப்படித்தான். கதிர் பட்ட கட்டி முக நரம்போடு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், அந்த அறுவை முதலிலேயே செய்வதைவிடக் கடினமாகவும் இருக்கும்.

வீக்கத்தின்போது தள்ளாட்டம் கூடலாம், முகத்தில் துடிப்பு வரலாம், கன்னம் மரக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ நீடித்து அடங்கும். தொந்தரவு அதிகமானால் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும், 'போன தடவை கேட்டது' என்று கடையில் நீங்களே வாங்குவதும் கூடாது. அரிதாக முகம் தளர்ந்து கண் மூடாமல் போனால் பகலில் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுவது. முகம் சில மாதங்களில் தேறலாம். காய்ந்து புண்ணான கருவிழி தேறாது.

வயதானவர்களிடம் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நடை குறுகி, கால் தரையோடு ஒட்டினாற்போல் இழுத்து, மறதியும் சிறுநீர் அடக்க முடியாமையும் சேர்ந்து வந்தால் மூளைநீர் தேங்குகிறது. கட்டி அதிகம் பெரிதாகாமலேகூட, அது வெளிவிடும் புரதத்தால் இது நேரலாம். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். தேங்கிய நீரை வடியவிடும் ஷன்ட் குழாய் வைத்தால் நன்றாகத் தேறக்கூடிய பிரச்சினை இது.

தலைச்சுற்றலுக்கு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதைவிடச் சமநிலைப் பயிற்சி மேல். கண்ணை ஓர் எழுத்தில் நிறுத்தித் தலையை இட வலம் அசைப்பது போன்ற பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருவார். தொடக்கத்தில் சுற்றல் கூடுவது போலிருக்கும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: பத்து வருடக் கண்காணிப்பு

வழக்கமான அட்டவணை: 6, 12, 24, 36 மாதங்களில் எம்ஆர்ஐ, பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பத்து வருடம் வரை, அதன் பிறகும் இடைவெளி விட்டு. ஒவ்வொரு முறையும் ஆடியோகிராம்.

புதிய படத்தைப் போன வருடப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். சிகிச்சை நாள் எம்ஆர்ஐதான் அடிப்படை. அதுவும் நீள அகலத்தை அல்ல, கன அளவை ஒப்பிட வேண்டும். 20 மி.மீ. கட்டி 22 ஆனால் விட்டத்தில் 10 சதவீதம்தான், கன அளவில் 33 சதவீதம். 10 மி.மீ. கட்டியில் அதே 2 மி.மீ. கூடினால் கன அளவு 73 சதவீதம் ஏறிவிடும். ரிப்போர்ட்டில் 'சற்றே பெரிதாகியுள்ளது' என்ற வார்த்தைக்கு இதனால்தான் மதிப்பு குறைவு.

மூன்று வருடத்துக்குப் பிறகும் தொடர்ந்து ஸ்கேனுக்கு ஸ்கேன் வளர்ந்தால் அது உண்மையான வளர்ச்சி. இப்படி ஆவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு. அவர்களுக்கு அறுவை, அல்லது தேர்ந்தெடுத்தவர்களுக்கு இரண்டாம் முறை ரேடியோசர்ஜரி. கதிரால் கட்டி புற்றாக மாறுவது உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். பதிவாகியிருக்கிறது, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. சம்மதப் படிவத்தில் அந்த வரி இருக்க வேண்டும்.

காது

பயன்படும் காதோடு சிகிச்சைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து வருடத்தில் அது தங்குகிறது. பத்து வருடத்தில் கால்வாசிப் பேருக்கு. கசப்பான கணக்குதான். ஆனால் எதுவும் செய்யாமல் விட்டாலும் இந்தக் கட்டியில் காது மெல்ல மெல்லப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காதிரைச்சலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கதிர் கொடுத்தால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கடத்தும் கிராஸ் வகைக் கருவியோ எலும்பு வழிக் கருவியோ உதவும். கேட்கும் நரம்பு மிஞ்சியிருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட்டும் சிலருக்குப் பலன் தருகிறது. நல்ல காதைப் பட்டாசு, ஒலிபெருக்கி, ஹெட்போன் சத்தத்திலிருந்து காப்பது உங்கள் கையில்.

இரண்டு பக்கமும் கட்டி இருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும், முன்பு சொன்ன என்எஃப்2 மரபணு பிறவியிலேயே பழுதாக இருப்பதால் வரும், அதே பெயர் கொண்ட மரபணுக் கோளாறு. ரேடியோசர்ஜரியின் பலன் அவர்களுக்குக் குறைவு, எந்தக் காதை எப்போது தொடுவது என்பதே பெரிய முடிவு. கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் உருவாவதைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசியும் அங்கே ஒரு தேர்வு. 30 வயதுக்குள் ஒரு பக்கம் மட்டும் கட்டி வந்தவர்களும் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

ஃபைலில் வைக்க வேண்டியது

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ரேடியோசர்ஜரி செய்யப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்திருந்தால் ஏற்காதீர்கள். இவை இருக்க வேண்டும்: தேதி, எந்தப் பக்கம், எந்த மெஷின், கட்டியின் கன அளவு, விளிம்பு டோஸ், எத்தனை சதவீதக் கோடு, எத்தனை நாள், கோக்ளியாவின் சராசரி டோஸ், மூளைத்தண்டின் உச்ச டோஸ். சிகிச்சை நாள் எம்ஆர்ஐயும் டோஸ் திட்டமும் டைகாம் வடிவில் ஒரு பிரதி வாங்கி, இரண்டு இடத்தில் சேமியுங்கள். சிடி ஐந்தாறு வருடத்தில் படிக்க முடியாமல் போவது சகஜம், மருத்துவமனை சர்வரிலும் பழையதை அழித்துவிடுவார்கள். எட்டாம் வருடம் வேறு ஊரில், வேறு மருத்துவர் முன் உட்காரும்போது அந்தப் பென்டிரைவ் இல்லாவிட்டால் கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது.